முற்றத்தை முதலில் வரைந்த வீடு

அக்காவின் மூத்த மகளுக்கு ஆரையம்பதியில் வீடு கட்டவேண்டும் என்ற பேச்சு கடந்த சித்திரை வருடப்பிறப்போடு தொடங்கியது. மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் சீதனமாகப் போவது நெடுநாள் வழமை. தாய் இருந்த வீட்டுக்கு மகள் வர, தாய் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ ஒரு சிறிய வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வதும் இங்கு நடப்பதுதான். தாய்மாமன் என்ற முறையிலும், இருபது ஆண்டுகளாக வீட்டுப் படம் வரைந்து சபைகளின் அனுமதிக்குக் கொடுத்துவருபவன் என்ற முறையிலும், மருமகளின் வீட்டுக்கான படத்தை நானே வரைவதென்று முடிவாயிற்று. காணி 20 பேர்ச். கிழக்கே வீதியைப் பார்த்த முகப்பு 55 அடி, மேற்கு நோக்கிய நீளம் 99 அடி.

மருமகள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். அது இரண்டு மாடிப் பெட்டி; தட்டையான கூரை, சாம்பல் நிறச் சுவர், அகன்ற அலுமினியக் கண்ணாடிச் சாளரங்கள். இத்தகைய வீடுகளை நானே பலருக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன். அவற்றுட் பலவற்றில் ஆனி, ஆடி மாதங்களில் பகல் பதினொரு மணிக்குமேல் மேல்மாடியில் எவரும் இருப்பதில்லை என்பதையும், ஐந்தாறு மழைக்குப் பிறகு வெள்ளைச் சுவர்களில் கரும்பாசி இறங்குவதையும் பின்னர் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆகவே இம்முறை பென்சிலை எடுக்குமுன்னர், பல ஆண்டுகளாகப் படங்களில் மட்டுமே பார்த்துவந்த ஒரு வீட்டை நேரில் பார்த்துவர வேண்டுமென்று தோன்றியது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பெந்தோட்டைக்கு இறங்கினேன். நான் பார்க்கப் போனது கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த ஏனா டி சில்வாவின் வீடு.

அந்த வீடு முதலில் எழுந்த இடம் பெந்தோட்டையன்று; பின்னர் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மீண்டும் கட்டினார்கள். 1960க்கும் 1962க்கும் இடையில், கொழும்பு அல்பிரட் பிளேசில் ஏறத்தாழ 30 பேர்ச் காணியில் அது கட்டப்பட்டது. ஏனா, இலங்கையின் முதலாவது சுதேச பொலிஸ் மாஅதிபரான சேர் றிச்சர்ட் அலுவிகாரையின் மகள்; அவருடைய கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவும் அதே பதவியை வகித்தவர். ஏனாவின் பெயர் நிலைத்தது பதவிகளால் அன்று, கையால். மகனோடும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவோடும் சேர்ந்து அவர் வளர்த்த, மெழுகிட்டுத் துணிக்குச் சாயமேற்றும் பத்திக் கலை பாவாவின் கட்டடங்களுக்குள்ளும் புகுந்தது. பெந்தோட்டையில் பாவா கட்டிய கடற்கரை விடுதியின் வரவேற்புக் கூடத்தில் பத்திக் துணியே கூரையின் உட்பரப்பாயிற்று. அப்படிப்பட்ட ஒரு பெண் தனக்கு வேண்டிய வீட்டைப் பற்றித் தெளிவான எண்ணத்தோடு ஒரு கட்டடக் கலைஞரிடம் போனார். மரபான வீட்டின் குளிர்மையும் அடக்கமும் அவருக்கு வேண்டியிருந்தன. அறைக்குள் அறையாக அடைத்துவைக்காத புதிய காலத்து விசாலமும் வேண்டியிருந்தது. அந்த வீட்டின் சிறப்பில் பாதியேனும் இப்படிக் கேட்கத் தெரிந்தவரைச் சேரும் என்பது என் எண்ணம்.

பாவா அப்போது இத்தொழிலுக்குப் புதியவர். 1919இல் பிறந்தவர், தந்தை வழியில் முஸ்லிம் மரபும் தாய் வழியில் பறங்கியர் மரபும் கொண்டவர். முதலில் சட்டத்தரணியாக இருந்து, பின்னர் லண்டனில் கட்டடக் கலை பயின்று, 1957இல், தமது 38ஆவது வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். அவரோடு அந்நாள்களில் பணியாற்றிய உல்ரிக் பிளெஸ்னர் டென்மார்க்கிலிருந்து வந்தவர்; இலங்கைக்கு அவர் முதலில் வந்தது கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வாவிடம் வேலை செய்வதற்காக. இதைச் சொல்லாமற் போவது நியாயமாகாது. நவீன வடிவத்தையும் இந்நாட்டுக் கைவினையையும் ஒரே வீட்டில் இணைக்கும் முயற்சியை மினெட் கண்டியில் 1949 முதல் 1951 வரை கட்டிய கருணாரத்ன இல்லத்திலேயே தொடங்கிவிட்டார். பாவாவைக் கொண்டாடும்போது மினெட்டின் பெயரை விட்டுவிடும் வழக்கம் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்துதான் விளங்கிக்கொண்டேன். இந்த வீட்டில் முதலில் வரையப்பட்டது முற்றம். நாங்கள் படம் வரையும்போது அறைகளை அடுக்கி, அடுக்கி முடித்தபின் எஞ்சுவதை வெளியென்று விடுகிறோம். இங்கு நடுவில் ஒரு பெரிய வெறுமை முதலில் குறிக்கப்பட்டு, அதற்கு முகம் கொடுத்தபடி வாழ்வறைகளும் தாழ்வாரங்களும் சுற்றிவர அமர்ந்திருக்கின்றன. அதைவிடச் சிறிய முற்றங்கள் ஓரங்களில் இருக்கின்றன. வீதியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது உயர்ந்த மதில். வீட்டின் முகம் முழுவதும் உள்ளே திரும்பியிருக்கிறது. கொழும்பு நகரம் நெருங்கிவருகிறது, காணிகள் சுருங்குகின்றன, இனி அயலவரின் சுவரையும் வீதியின் இரைச்சலையும் பார்த்துக்கொண்டு வாழவேண்டியிருக்கும் என்ற நிலைக்கு 1960இலேயே கொடுக்கப்பட்ட பதில் அது. தோட்டத்தின் நடுவில் வீட்டை வைக்கும் ஆங்கிலேயர் காலத்துப் பங்களா முறையை அது தலைகீழாக்கி, வீட்டின் நடுவில் தோட்டத்தை வைத்தது.

இது நாற்சார் வீடுதானே, இதில் புதுமை என்ன என்று கேட்கலாம். நானும் முன்பு அப்படித்தான் எண்ணியிருந்தேன். நாற்சார் வீட்டில் முற்றத்தைச் சுற்றித் திண்ணையோடும், திண்ணைக்குப் பின்னால் கதவடைத்த அறைகள் வரிசையாக நிற்கும். முற்றத்து வெளிச்சம் அறைவாசலோடு நின்றுவிடும். ஏனாவின் வீட்டில் அந்த வாசல் பல இடங்களில் இல்லை. இருக்கும் இடமும் உண்ணும் இடமும் முற்றத்தை நோக்கித் திறந்தே கிடக்கின்றன; எங்கே அறை முடிகிறது, எங்கே தாழ்வாரம் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. ஓரிடத்தில் நின்றால் ஒரு முற்றமும், அதற்கு அப்பால் நிழலும், நிழலுக்கு அப்பால் இன்னொரு முற்றத்தின் வெளிச்சமும் ஒரே நேர்கோட்டில் தெரிகின்றன. இடம் ஓரிடத்திலும் அடைபடாமல் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும் என்பது ஐரோப்பாவின் நவீனக் கட்டடக் கலை வகுத்த கொள்கை. பழைய வீட்டின் உடலுக்குள் அந்தக் கொள்கையை ஓடவிட்டதுதான் இதன் புதுமை. தூணிலும் சுவரிலும் சித்திர வேலை எதையும் நான் காணவில்லை. வீட்டின் அழகை நிழல்தான் தாங்குகிறது.

ஊருக்குத் திரும்பியதும் மருமகளின் காணியை ஒரு தாளில் வரைந்து கணக்குப் பார்த்தேன். 55க்கு 99 என்றால் 5,445 சதுர அடி. காணியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையேனும் திறந்தவெளியாக விடவேண்டியிருக்கும். அந்த வெளியின் பெரும்பகுதியை நாங்கள் என்ன செய்கிறோம்? வீட்டை நடுவில் வைத்து, சுற்றிவர ஐந்தடி ஐந்தடியாக விடுகிறோம். முன்னும் பின்னும் 550 சதுர அடி, இரு பக்கங்களிலும் 890. ஆக 1,440 சதுர அடி. இந்தப் பரப்பில் ஒரு கதிரை போட்டு ஒருவர் இருக்க முடியுமா? பக்கத்து ஒழுங்கைகளில் தண்ணீர்க் குழாயும், குளிரூட்டியின் வெளிப்பெட்டியும், உடைந்த வாளியும் கிடக்கும். அறைச் சாளரத்தைத் திறந்தால் அயலவரின் மதில் தெரியும், ஆகவே சாளரம் திறப்பதில்லை, ஆகவே காற்றில்லை, ஆகவே குளிரூட்டி.

அதே 1,440 சதுர அடியை ஒன்றாகத் திரட்டினால் என்னவாகும்? அதிற் பாதியில், 24க்கு 30 அடியில், ஒரு நடு முற்றம் கிடைக்கிறது. ஒரு மரம் நின்று, அதன் கீழ் இருபது பேர் அமரக்கூடிய முற்றம் அது. மிகுதி 720இல், பின்புறம் விதி கேட்கும் இடத்துக்கு ஏறத்தாழ 400 போக, வாசலோடு ஒரு சிறு முற்றமும் குளியலறையோடு இன்னொன்றும் வைக்க இடமுண்டு. ஒரு சதுர அடிகூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. சிதறிக்கிடந்த பயனற்ற வெளி ஓரிடத்தில் கூடி, வீட்டின் மிக நல்ல அறையாகிவிடுகிறது. இருபது ஆண்டுகளாக இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் அன்றிரவு முழுவதும் எனக்கிருந்தது.

எங்களுடைய ஊர்களில் இந்த முற்றத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு. கல்யாண வீடானாலும் செத்த வீடானாலும் ஊர் கூடுவது வீட்டில்தான். பந்தல் போட இடமில்லாத புது வீடுகளில் வீதியை அடைத்துப் பந்தல் போடுகிறார்கள். ஆண்கள் வீதியிலும் பெண்கள் மண்டபத்து நெருக்கடியிலும் நிற்கிறார்கள். வீட்டின் நடுவில் முற்றமிருந்தால், சுற்றியுள்ள தாழ்வாரங்களையும் சேர்த்து நூறுபேர் நிழலில் இருக்கலாம்.

கூரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நவீனக் கட்டடக் கலையின் புகழ்பெற்ற வீடென்று படிப்பவர்கள் முதலில் அறிவது, பிரான்சில் புவாசி என்ற ஊரில் 1928 முதல் 1931 வரை லெ கொர்புசியேயும் பியர் ஜெனரேயும் கட்டிய வில்லா சவோய். தூண்கள்மேல் உயர்த்திய வெள்ளைப் பெட்டி. சுவர் நெடுக ஓடும் நாடாபோன்ற சாளரம். தட்டைக் கூரைமேல் தோட்டம். அதன் கொள்கைகள் உலகமெங்கும் பரவின. அந்தக் கூரை ஒழுகியதும், வீட்டுக்காரி அதைப் பற்றித் திரும்பத் திரும்ப முறையிட்டதும் அவ்வளவாகப் பரவவில்லை. இப்போது எங்கள் ஊர்களில் எழும் பெட்டி வீடுகளெல்லாம் எத்தனையோ கை மாறி வந்த அதன் பேரப்பிள்ளைகள். பிரான்சின் மழையிலேயே ஒழுகிய கூரை வடிவத்தை, ஐப்பசியின் பிற்பகுதி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு மழை கொட்டும் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறோம். மழை இல்லாத மாதங்களில் வேறொரு துன்பம். சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு மேலேயே நடந்துபோகும் எங்கள் அகலக்கோட்டில், வீட்டின் எந்தச் சுவரையும்விட வெயிலை அதிகம் வாங்குவது கூரைதான். கொங்கிறீற் தட்டு பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கிச் சேர்த்து, மாலை மங்கியபின் கீழே இருப்பவர்கள்மேல் இறக்கிக்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்கு மின்விசிறி சுடுகாற்றை வீசுவது அதனால்தான்.

ஏனாவின் வீட்டில் கூரை சரிந்தது, ஓடு வேய்ந்தது, சுவரைத் தாண்டி நெடுந்தூரம் இறங்கி வருவது. முற்றத்தைச் சுற்றி நின்று பார்த்தால் சுவரைவிடக் கூரைதான் கூடுதலாகத் தெரிகிறது. கூரையைத் தாங்கத் தூண்கள் இருக்க, சுவர் தன் பாரத்திலிருந்து விடுபட்டு, வேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டாத இடத்தில் இல்லாமற் போகவும் முடிகிறது. இதுவும் வில்லா சவோயின் கொள்கைதான். அங்கே அதைச் செய்தது கொங்கிறீற், இங்கே மரமும் ஓடும். பாவாவின் அலுவலகம் அந்நாள்களில் வழக்கமாக்கிய ஒரு உத்தியையும் சொல்லவேண்டும். நெளிவுள்ள சீமெந்துத் தகட்டை முதலில் பரப்பி, அதன் பள்ளங்களிலும் மேடுகளிலும் அரைவட்ட நாட்டு ஓட்டை அடுக்குவார்கள். தகடு மழையைத் தடுக்கும். ஓடு வெயிலைத் தடுக்கும். இடையிலுள்ள காற்று வெப்பத்தை மெதுவாக்கும். குரங்கோ காகமோ ஓட்டைத் தட்டிவிட்டாலும் வீடு ஒழுகாது. தனி ஓட்டுக் கூரையைவிடக் குறைந்த சரிவிலும் இதை வேயலாம். அந்தத் தகட்டில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பது இப்போது தெரிந்த உண்மையாதலால், நான் வேறு தகட்டைத்தான் பயன்படுத்துவேன். ஆனால் உத்தி உத்திதான்.

இந்தக் கூரைக்கும் முற்றத்துக்கும் இடையில் தாழ்வாரம் இருக்கிறது. அதுவே வீட்டின் உயிர். முற்றத்து வெயிலிலிருந்து அரைநிழலுக்கும், அரைநிழலிலிருந்து முழு நிழலுக்கும், அங்கிருந்து உள்ளறையின் இருட்டுக்கும் கண் படிப்படியாகப் போகிறது. காற்றும் அப்படியே. முற்றத்துக் காற்று சூடாகி மேலே எழும்போது, நிழலான தாழ்வாரங்களின் காற்று அந்த இடத்தை நிரப்ப நகரும்; அசைவு சிறியதானாலும் உடம்பில் படும். எங்கள் மக்களுக்கு இது புத்தகம் படித்து அறியவேண்டிய செய்தியன்று. 2004 சுனாமிக்குப் பின்னர் இக்கரையோரமெங்கும் ஏறத்தாழ 500 சதுர அடி அளவில் நிரந்தர வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பெட்டிபோன்ற வீடுகள், பலவற்றில் விறாந்தையென்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. குடியேறிய ஆறு மாதத்துக்குள் ஒவ்வொருவரும் கையிலிருந்த காசில் முதலில் செய்தது என்ன? வாசலுக்கு முன்னால் நான்கு கம்பு நட்டுத் தகரத்தாலோ கிடுகாலோ ஒரு பத்தி இறக்கியதுதான். படம் வரைந்தவர்கள் மறந்ததை வாழப்போனவர்கள் தங்கள் கையால் சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் ஒரு வீட்டுப் படம் சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை அதுதான்: இந்த வீட்டுக்கு எங்கே பத்தி இறக்குவார்கள் என்று கேட்டுப் பார்ப்பது.

பொருள்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. கண்ணாடியும் இரும்பும் அரிதாகவும் விலையாகவும் இருந்தன. மரமும் கருங்கல்லும் ஓடும் சாந்தும் கைகொடுத்தன. கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் மரச்சட்டங்கள் காற்றை வடித்துத் தருகின்றன. முற்றத்தில் பரப்பிய ஆற்றுக் கற்களுக்கிடையே பெரிய ஆட்டுக்கற்கள் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்ததும் எங்களுடைய பழைய குசினியின் நினைவு வந்தது. மட்டக்களப்பில் அறுபதுகளில் இத்தகைய மரவேலையைச் செய்யக்கூடிய கைகள் தாராளமாக இருந்தன. பறங்கிய ஓடாவிகளின் வேலை இங்கு பேர்போனது. முதிரையிலும் பாலையிலும் அவர்கள் இழைத்த கதவுகளும் சாளரங்களும் இன்றைக்கும் பழைய வீடுகளில் தட்டுப்படுகின்றன. பழைய வீடு இடிக்கும் இடங்களில் அவற்றை விறகு விலைக்கு விற்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. மருமகளின் வீட்டுக்கு அப்படி நான்கு கதவுகளை வாங்கி வைத்திருக்கிறேன்.

கொழும்பிலோ பெந்தோட்டையிலோ நன்றாக இருப்பதை அப்படியே ஆரையம்பதிக்குக் கொண்டுவந்தால், நானும் பெட்டி வீட்டுக்காரர்கள் செய்த பிழையைத்தான் செய்தவனாவேன். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எங்கள் எழுவான்கரைக்கு மூன்று கணக்குகள் தனியாக உண்டு.

முதலாவது காற்றின் திசை. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அதை வரவேற்க வேண்டும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை மலைநாட்டைத் தாண்டி, ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு வரும் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும். அதை மறிக்க வேண்டும். ஏனாவின் வீட்டைப்போல வீதிப் பக்கத்தை மதிலால் அடைத்தால் இந்தக் காணியில் கடற்காற்றையே அடைத்ததாகும். ஆகவே கிழக்கு மதிலைத் துளையுள்ள சீமெந்துக் கற்களால் கட்டுவதென்றும், குசினி, களஞ்சிய அறை, குளியலறை ஆகியவற்றை மேற்குப் பக்கத்தில் தடித்த சுவரோடு வரிசையாக வைத்துக் கச்சானுக்கு அணையாக்குவதென்றும் தீர்மானித்தேன்.

இரண்டாவது சூறாவளி. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவை அம்மா சொல்லிச் சொல்லி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்; கூரை போன வீட்டில், கட்டிலுக்குக் கீழே பிள்ளைகளைக் கிடத்தி விடியும்வரை இருந்தார்களாம். காற்று கூரைமேல் விரைந்து போகும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதே நேரத்தில் நீண்ட இறவாணத்துக்குக் கீழேயும் திறந்த தாழ்வாரத்துக்குள்ளேயும் புகும் காற்று அடியிலிருந்து தள்ளுகிறது. பாவாவின் அழகிய நீண்ட இறவாணம் எங்களுக்கு ஆபத்தாகக்கூடியது இங்கேதான். அதனால் பெரிய கூரையை நாற்புறமும் சரித்து, இறவாணத்தை இரண்டரை அடியோடு நிறுத்தி, சுவரின் தலையில் ஓடும் கொங்கிறீற் வளையத்தில் இரும்புப் பட்டியால் ஒவ்வொரு கைமரத்தையும் இறுக்கவேண்டும். தாழ்வாரத்தின் கூரையைத் தனியாகச் சற்றுத் தாழ்வாக வைக்கவேண்டும். காற்று அதைக் கொண்டுபோனாலும் பெரிய கூரை நிற்கும்.

மூன்றாவது வெள்ளம். 3,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 28,000 லீற்றர். மார்கழியில் ஒரே நாளில் அவ்வளவு பெய்வது இங்கு புதினமல்ல. அதில் பாதி முற்றத்துக்குள் விழும்; முற்றத்தின் மேலேயே விழுவது இன்னும் 6,700 லீற்றர். ஆரையம்பதி மணல் ஊராதலால் சாதாரண மழையை நிலமே குடித்துவிடும். ஆனால் வாவி நிரம்பி நிலத்தடி நீர் மேலே வந்த நாள்களில் மணலும் குடிக்காது. முற்றத்தை வீதியின் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயர்த்தி, வீட்டின் தரையை அதற்கு மேல் இன்னும் ஒன்றரை அடி உயர்த்தி, முற்றத்திலிருந்து வீதி வாய்க்காலுக்கு ஆறு அங்குலக் குழாய் ஒன்று போட்டிருக்கிறேன். இதுவே வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், களிமண் வயல் ஓரத்தில் கட்டும் வீடென்றால், நடுமுற்றம் வைக்கத் துணிவேனா என்பது சந்தேகந்தான். அங்கே முற்றத்தை ஒரு பக்கம் திறந்துவிடுவதே பொருத்தமாக இருக்கும்.

படத்தை விரித்துவைத்தபோது அக்கா கேட்ட முதற் கேள்வி, முற்றத்தை யார் கூட்டுவது என்பது. அது நியாயமான கேள்வி. அல்பிரட் பிளேஸ் வீடு வேலையாட்கள் இருந்த வீடு. அதைப் பற்றிய எழுத்துகளில் அவர்களுடைய உழைப்பு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. விடிகாலையில் எழுந்து கூட்டுவது ஆசிரியராக வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் தலையில் விழுமானால் அந்த முற்றம் அவளுக்குச் சுமைதான். முற்றத்தின் பெரும்பகுதியை மணலாக விட்டு, நடைபாதையை மட்டும் கல்லால் அமைத்து, சருகு நாள்தோறும் கொட்டாத மரமொன்றை வைப்பது என்று பேசி முடித்தோம். காணியில் ஏற்கெனவே நிற்கும் வேம்பு சருகு கொட்டும் மரம். ஆனால் அதை வெட்ட அக்காவே ஒப்பவில்லை. நுளம்பைப் பற்றிக் கேட்டார். தண்ணீர் தேங்கும் தொட்டியோ தாமரைக் குளமோ முற்றத்தில் வைப்பதில்லை என்றும், படுக்கையறைகளுக்கு மட்டும் வலையடித்த கதவுகள் என்றும் முடிவாயிற்று. இரவில் கதவில்லாத வீட்டில் எப்படி உறங்குவது என்பது மருமகளின் அச்சம். முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்குப் பூட்டக்கூடிய மரக்கதவுகளும், முற்றத்துக்குள் வெளியிலிருந்து ஏறிவர முடியாத கூரை அமைப்பும் அதற்குப் பதில். அவளுடைய அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. எங்கள் தலைமுறை கதவைப் பூட்டியும் உறங்காமற் கழித்த இரவுகள் பல.

பெந்தோட்டையில் என்னை நீண்ட நேரம் நிறுத்திவைத்த செய்தி இன்னொன்று. 2009இல் அல்பிரட் பிளேசில் நிலத்தின் விலை வீட்டின் விலையைப் பலமடங்கு தாண்டியிருந்தது, காணி கைமாறியது. வீடு இடிபட இருந்த நிலையில், கல்லையும் தூணையும் கதவையும் ஒவ்வொன்றாக அளந்து, எண்ணிட்டு, கழற்றி, ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தெற்கே, பெந்தோட்டையிலுள்ள பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மீண்டும் கட்டி முடித்து அதை மக்கள் பார்வைக்குத் திறந்தது 2016இல். ஏனா 2015இல் காலமாகிவிட்டார். பாவா 2003இலேயே போய்விட்டார். அளவு பிசகாமல் கட்டியிருக்கிறார்கள். ஆனால் நெருங்கிய நகரத்துக்கு முதுகு காட்டி நின்ற மதிலுக்கு வெளியே இப்போது இருப்பது மரங்கள் மட்டுமே. எதிலிருந்து ஒதுங்குவதற்காக அந்த வீடு உள்நோக்கித் திரும்பியதோ, அது அங்கே இல்லை. கொழும்பு முற்றத்தில் நின்ற மாமரம் எண்ணிட்டுக் கழற்றக்கூடிய பொருளுமன்று. ஆயினும் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் மழை பிடித்தது. நான்கு பக்கத்து ஓடுகளிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக் கற்கள்மேல் இறங்கியது. சாரல் தாழ்வாரத்தின் ஓரத்து ஒரு முழத்தை நனைத்தது, என்னைத் தொடவில்லை. அந்த ஒரு முழத்தைத்தான் மருமகளின் தாழ்வாரத்துக்கு நான் எட்டடியாக வரைந்தபோது நினைத்துக்கொண்டேன்.

சென்ற புதன்கிழமை மேசன் வந்து கயிறு கட்டினார். வழமைப்படி வடகிழக்கு மூலையில் முதல் முளையை அடிக்கப் போனவரை மறித்து, வேம்பின் அடியிலிருந்து அளந்து முற்றத்தின் நான்கு முளைகளை முதலில் அடிக்கச் சொன்னேன். சற்று நேரம் படத்தையும் என்னையும் பார்த்தார், பிறகு அடித்தார். 24க்கு 30. அக்கா அந்தக் கயிற்றுக்குள் போய் நின்று, பந்தற்கால் எங்கெங்கே வருமென்று காலால் மணலில் குறித்துக்கொண்டிருந்தார். மேற்குப் பக்கத்து அத்திவாரம் ஆவணியில் வெட்டத் தொடங்குகிறார்கள். மாரி பிடிக்குமுன்னர் கூரை ஏறிவிட வேண்டும்.